பூனை குடிக்கும் தண்ணீர் மீனுக்குள் இருக்கிறது

“அண்ணே, துறைமுகத்துல இத்தனை பூனை திரியுதே, ஒரு இடத்துலயும் நல்ல தண்ணி வச்சதாத் தெரியலையே. உப்பனாத்துத் தண்ணியையா குடிக்குதுங்க? நாம குடிச்சா என்ன ஆவோம்?”

கடலூர் முதுநகரில் டீக்குக் காத்திருந்தபோது தம்பி கேட்டது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம் உடம்பிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதாவது 3.5 சதவீதம். நம் சிறுநீரகம் எவ்வளவு பாடுபட்டாலும் சிறுநீரில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் உப்பை ஏற்ற முடியும். மிச்ச உப்பை வெளியே தள்ள உடம்பில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரைத்தான் எடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பைக் கழிக்க மனிதனுக்குச் சுமார் 1,350 மில்லி சிறுநீர் தேவை என்பது உடலியலில் பழைய கணக்கு. குடித்தது முழுவதும் போய், கையிலிருந்தும் 350 மில்லி போகிறது. போதாததற்குக் கடல்நீரில் மெக்னீசியமும் சல்பேட்டும் உண்டு. பேதி உப்பில் இருக்கும் அதே சரக்கு. வயிறும் போகும். தாகத்துக்குக் கடல்நீர் குடித்தவன் குடிக்காதவனைவிடச் சீக்கிரம் வறண்டு போவது இப்படித்தான்.

பூனைக்கு வருவோம். கரைந்திருக்கும் பொருள்களின் செறிவை மில்லிஆஸ்மோல் என்ற அளவில் சொல்வார்கள். கடல்நீர் சுமார் 1,000. மனிதன் தன் சிறுநீரை அதிகபட்சம் 1,200 முதல் 1,400 வரை இறுக்க முடியும். அந்தக் கொஞ்ச இடத்தையும் யூரியா பங்கு கேட்கும். நாய்க்குச் சுமார் 2,500. பூனை 3,000-த்தைத் தாண்டிப் போகும். கறியும் மீனும் மட்டுமே தின்கிற பிராணிக்கு யூரியா ஏராளமாகச் சேரும். அதையும் கழித்துவிட்டு உப்புக்கும் இடம் வைத்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

எப்படி முடிகிறது? மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருந்தால் சொல்வது சுலபம். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போக நீரில் உறைப்பு ஏறும். சிறுநீரகத்திலும் மேற்புறத்திலிருந்து உள்ளே இறங்க இறங்கத் திசுவில் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. அங்கே வெயிலின் வேலையைச் செய்வது ஹென்லே வளைவு என்கிற நுண்குழாய். 1862-இல் அதை விவரித்த ஜெர்மன் உடற்கூறியலார் யாக்கோப் ஹென்லேயின் பெயர்தான் அதற்கு. உள்ளே இறங்கி, வளைந்து, மேலேறும் வழியில் அந்தக் குழாய் உப்பை எடுத்துச் சுற்றியுள்ள திசுவில் விடுகிறது. கடைசியில் சிறுநீர் சேகரிக்கும் குழாய் அந்த உவர்ப்பான பகுதி வழியாகவே இறங்கியாக வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து அந்தக் குழாயின் சுவரில் தண்ணீர் புகும் துளைகளைத் திறக்கும். வெளியே உறைப்பு அதிகம் என்பதால் தண்ணீர் அந்தப் பக்கம் ஈர்க்கப்பட்டு ரத்தத்துக்குத் திரும்புகிறது. மிஞ்சியது கெட்டிச் சிறுநீர். பூனைச் சிறுநீர் அப்படி மூக்கைத் துளைப்பதற்கு இந்தக் கெட்டியும் ஒரு காரணம். வாசற்படியில் ஒருமுறை பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நமக்கு இந்த வளைவுகளில் 100-க்கு 15 அளவுக்குத்தான் ஆழம்வரை இறங்குகின்றன. பூனைக்கு எல்லாமே நீளம். வறண்ட நாட்டுச் சொத்து அது. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியக் காட்டுப்பூனை என்று 2007-இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது. எலியையும் பல்லியையும் பிடித்துத் தின்று, அதிலுள்ள ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளிய இனம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1959-இல் வுல்ஃப், பிரெண்டிஸ் முதலானோர் அமெரிக்க உடலியல் இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். உடம்பில் நீர் குறைந்த பூனை கடல்நீரைக் குடித்தும் தேறிக்கொள்ள முடியும் என்றது ஒன்று. அதைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கு மற்றதுதான் பெரிதாகப் படுகிறது. மீனோ இறைச்சியோ மட்டும் கொடுத்து, குடிக்க ஒரு சொட்டுக்கூட வைக்காமல் பூனைகளை வளர்த்துப் பார்த்தார்கள். உணவில் 67 முதல் 73 சதவீதம் தண்ணீர் இருந்தவரை பூனைகள் நன்றாகவே இருந்தன. அதையே உலர்த்தி 63 சதவீதத்துக்கு இறக்கியதும் வறண்டு போயின. நடுவில் இருப்பது நாலே சதவீதம்.

“அப்ப இதுங்க கடல் தண்ணியைக் குடிக்கிறதே இல்லையா?”

தாகம் மிஞ்சினால் நக்கும். ஆனால் அதை நம்பி அவை வாழவில்லை, தம்பி. கணக்குப் போட்டுப் பார். நாலு கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். கால் கிலோ பச்சை மீன் தின்றால் பசியும் தீரும், ஏறக்குறைய 190 மில்லி தண்ணீரும் வந்துவிடும். இறால், நெத்திலி, காரப்பொடி என்று ஏலத்தில் சிதறுவதும், மீன் அரியும் அக்கா தூக்கிப் போடும் செவுளும் குடலும்தான் இதுகளின் தண்ணீர்ப் பானை.

அந்த மீன் வளர்ந்ததே உப்புக் கடலில்தானே என்று கேட்கலாம். மத்தி, சங்கரா, வாளை போன்ற எலும்பு மீன்களின் ரத்தத்தில் கடல்நீரின் செறிவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அவை ஓயாமல் கடல்நீரைக் குடித்து, செவுள் வழியே உப்பைக் கடலுக்கே திருப்பி அனுப்புகின்றன. கடல்நீரை நன்னீராக்கும் வேலையை மீன் முடித்து வைக்கிறது, பூனை அதன் பலனைத் தின்கிறது. எல்லா மீனுக்கும் இது பொருந்தாது. சுறாவும் திருக்கையும் உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்துக் கடலோடு சமன் செய்பவை. கணவாய், நண்டு, இறாலின் கதையும் வேறு. கணவாயின் உடல்நீர் கடலின் செறிவிலேயே இருக்கும். கணவாய்த் துண்டுக்கும் சங்கராத் துண்டுக்கும் நாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். சிறுநீரகத்துக்குத் தெரியும்.

பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் உப்பங்கழியை நக்கும் பூனையைப் பற்றிப் பேசும்போது மாதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்பு வெகுவாக இறங்கிவிடும். சித்திரையில் அது கடலோடு போட்டி போடும். பெரிய பூனைகளுக்கும் உப்பங்கழி வாழ்வு உண்டு. சுந்தரவனப் புலிகள் உவர்நீரோடு வாழ்ந்தாலும், அவற்றுக்காக வனத்துறை காட்டுக்குள் நன்னீர்க் குளங்கள் வெட்டி வைத்திருக்கிறது. முடியும் என்பது வேறு, விருப்பம் வேறு.

இனி சிதம்பரத்துக்குப் போவோம். தேரோடும் வீதிகளில் மாடி வீட்டுக்குள் வளரும் பூனை துறைமுகத்துப் பூனையைவிடச் சுகவாசி என்றுதான் நினைப்போம். அதன் தட்டில் பாக்கெட் தீவனம். அதில் தண்ணீர் 10 சதவீதம்கூட இருப்பது அபூர்வம். ஒரு நாள் தீவனம் முழுக்கத் தின்றாலும் சில மில்லிதான் தேறும். மிச்சம் முழுவதையும் குடித்து ஈடுகட்ட வேண்டும். தின்றே நீர் பெற்றுப் பழகிய இனத்துக்குத் தாகம் லேசில் எடுக்காது. எனவே குறைவாகக் குடிக்கும், சிறுநீரை இறுக்கிக்கொண்டே இருக்கும். ஆண் பூனைக்குச் சிறுநீர்த் துளை குறுகல். அதில் படிகமோ சளியோ அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போகும். மண்ணில் உட்கார்ந்து முக்கியும் சொட்டு வராவிட்டால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொன்று, பூனையின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சம் வடிகட்டிகள்தான் உண்டு. நமக்கு 10 லட்சம் அளவில். வயதான பூனைகளைச் சிறுநீரக நோய் அதிகம் பிடிக்கிறது. பிடித்தபின் இறுக்கும் திறமைதான் முதலில் குறையும். கிழப் பூனை திடீரென்று நிறையக் குடித்து நிறையக் கழித்தால் அது நல்ல சகுனமல்ல.

அக்னி நட்சத்திர வெயிலில் பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும். உடம்பை நக்கி எச்சிலைக் காயவிட்டுக் குளிர்வதால் அதிலும் தண்ணீர் செலவாகிறது. அதனால்தான் பகல் முழுக்கப் படகு நிழலில் கிடந்துவிட்டுப் பொழுது சாய்ந்தபின் எழுந்திருக்கிறது. வறட்சி வந்துவிட்டதா என்று பார்க்க, தோளுக்கு நடுவில் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம்போல் நின்றால், ஈறு பிசுபிசுத்தால், உடம்பு நீரிழந்திருக்கிறது. எடையில் 5 சதவீத நீர் போனதும் இது தெரியத் தொடங்கும். 10-ஐத் தாண்டினால் ஆபத்து.

“அப்ப எங்க வீட்டுப் பூனைக்குத் தினமும் கருவாட்டுத் தலை போடுறோமே, அண்ணே?”

அதுதான் கூடாது. பச்சை மீனில் இருந்த தண்ணீரை வெயில் எடுத்துக்கொண்டது, பதிலுக்கு உப்பை நாம் ஏற்றிவிட்டோம். தண்ணீர்ப் பானையாக இருந்ததே தண்ணீர் கேட்பதாகிவிட்டது. போட்டே தீரவேண்டுமென்றால் இரண்டு தரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகப் போடு. பக்கத்திலேயே ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரும் வை. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் பேதியாகி, இருக்கும் நீரும் போய்விடும்.