தன்பாலீர்ப்பு (சொல் வரலாறு)

தன்பாலீர்ப்பு என்பது ஒருவருக்குத் தம் பாலைச் சேர்ந்த மற்றொருவர் மீது ஏற்படும் காதல் அல்லது பாலியல் ஈர்ப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். இதே பொருளில் ஓரினச்சேர்க்கை என்ற சொல்லும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. முன்னது உணர்வையும் பின்னது செயலையும் சுட்டுகின்றன. இவ்வேறுபாடே இச்சொற்களின் வரலாற்றில் முதன்மையானது.

சொற்பொருள்

பால் என்பதன் அடிப்படைப் பொருள் பகுப்பு அல்லது பிரிவு என்பதாகும். தொல்காப்பியம் சொற்களை ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்தாகப் பகுக்கின்றது. இந்த இலக்கணச் சொல்லே இன்று உடல்சார்ந்த ஆண், பெண் வேறுபாட்டையும் குறிக்கின்றது. ஈர்ப்பு என்பது 'இழுத்தல்' எனப் பொருள்படும் ஈர் என்ற வினையிலிருந்து பிறந்தது; புவியீர்ப்பு என்ற இயற்பியல் சொல்லிலும் இதனைக் காணலாம்.

இலக்கிய வழக்கில் 'தன்பால்' என்பதற்குத் 'தன்னிடம்' என்ற பொருளும் உண்டு. 'தன்பால் ஈர்த்தான்' என்னும் தொடரில் அப்பொருளே அமைகின்றது. எனவே இச்சொல்லை இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய மொழிகளில்

'ஓமோசெக்சுவல்' என்பதன் மூலச்சொல்லைக் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் செருமன் மொழியில் உருவாக்கினார். 1869 இல் பிரசியாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து அவர் வெளியிட்ட துண்டு நூல்களில் அது அச்சேறியது. 'லெசுபியன்' என்பது கிரேக்கப் பெண்பாற் புலவர் சாப்போ வாழ்ந்த லெசுபோசு தீவின் பெயரிலிருந்து வந்தது. மகிழ்ச்சியைக் குறித்த 'கே' என்ற ஆங்கிலச் சொல் 20ஆம் நூற்றாண்டில் இன்றைய பொருளைப் பெற்றது.

சட்டத்தின் தாக்கம்

1860 இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, இயற்கைக்கு மாறான புணர்ச்சி எனத் தான் கருதியதைக் குற்றமாக்கியது. அதில் ஈர்ப்பு பற்றியோ அன்பு பற்றியோ பேச்சில்லை. ஓரினச்சேர்க்கை என்ற சொல்லும் அவ்வாறே மனிதரின் இயல்பை ஒரு செயலாகச் சுருக்கிவிடுகின்றது. வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என 2009 இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. பின்னர் 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் அவ்வுறவைக் குற்றநீக்கம் செய்தது.

பாலின அடையாளச் சொற்கள்

யார் மீது ஈர்ப்பு என்பது வேறு. தம்மை எப்பாலினராக உணர்கிறார் என்பது வேறு. பிந்தையதற்குப் பேடி, அலி ஆகிய பழஞ்சொற்கள் இருந்தன. சிலப்பதிகாரம் குறிப்பிடும் பதினொரு ஆடல்களுள் காமன் ஆடிய பேடும் ஒன்று. காலப்போக்கில் இச்சொற்கள் வசைச் சொற்களாயின. கூவாகம் கூத்தாண்டவர் வழிபாட்டில் போற்றப்படும் அரவானின் பெயரையொட்டி அரவாணி என்ற சொல் பரவியது. 2008 இல் தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியமும் முதலில் அப்பெயரையே தாங்கியிருந்தது. பின்னர் திருநங்கை, திருநம்பி என்ற மதிப்புச் சொற்கள் நிலைபெற்றன.

அரசின் சொற்பட்டியல்

பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், 2021 இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான வழிகாட்டுதல்களை வழங்கினார். இவ்வழக்கின் தொடர்ச்சியாக, மதிப்புடன் அழைப்பதற்குரிய தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022 ஆகத்து மாதத்தில் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. பால் புதுமையர் என்ற சொல்லும் அதில் இடம்பெற்றது. தண்டனைச் சட்டத்தின் வழியாகச் செயலின் பெயரால் அறியப்பட்டவர்களுக்கு, மதிப்புடன் அழைக்கும் சொற்கள் இவ்வாறு அரசு ஆவணத்தில் இடம்பெற்றன.