ஈயின் உடலில் ஒரு காவற்படை

பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரிலே, ஜூல்ஸ் ஹாப்மன் என்ற இளைஞர் 1960-களில் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து வந்தார். ஒரு பூச்சியின் உறுப்பை எடுத்து மற்றொன்றின் உடலில் பொருத்துவது அந்தச் சாலையின் வழக்கம். கிருமி அணுகாதபடி அங்கே விசேஷ ஜாக்கிரதை ஒன்றும் செய்வதில்லை. ஆயினும் பூச்சிகளுக்குச் சீழ் பிடிக்கவில்லை! மனிதனுக்கு அவ்விதம் சஸ்திர சிகிச்சை செய்தால் அவன் கதி என்னவாகும்?

தட்டம்மை கண்டு பிழைத்தவன் ரத்தத்தில் அந்நோய்க்கென்றே எதிர்ப்பொருள்கள் தோன்றி நிலைக்கின்றன. பூச்சிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பின் எவ்வாறு பிழைக்கின்றன?

பாக்டீரியாக் கிருமியின் சுவர், சர்க்கரைப் பொருளாலும் அமினோ அமிலங்களாலும் பின்னப்பட்ட வலை. இவ்வலையைப் பூச்சியின் உடல் ஒருபோதும் பின்னுவதில்லை. ஆகவே, அதைக் கண்டால் அந்நியன் புகுந்துவிட்டான் என்பது நிச்சயம். வலையின் கண்ணிகளும் எல்லாக் கிருமிகளிலும் ஒன்றல்ல. இவ்வேற்றுமையைப் பிரித்தறியும் புரதங்கள் பழ ஈயின் உடலில் காவல் நிற்கின்றன. ஒருவகைக் கண்ணியைக் கண்டால் 'டோல்' என்ற வழியாகவும், மற்றொரு வகையைக் கண்டால் 'இம்டி' என்ற வழியாகவும் செய்தி பறக்கிறது. உடனே கொழுப்புத் திசு கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. ரத்த அணுக்களோ கிருமிகளை விழுங்குகின்றன.

'டோல்' என்பது ஜெர்மன் மொழியில் "அற்புதம்!" என்று பொருள்படும் சொல். கருவில் ஈயின் முதுகும் வயிறும் அமைவதற்குக் காரணமான ஜீனுக்கு முன்னரே இட்ட பெயர் அது. அந்த ஜீன் பழுதுற்ற ஈக்கள் காளானுக்கு இரையாகி, உடலெங்கும் பூசணம் படர்ந்து மடிவதை 1996-ல் ஹாப்மன் குழுவினர் கண்டனர்.

1998-ல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் மற்றொரு விந்தையை விளக்கினர். ஒரு ஜாதிச் சுண்டெலிகளைக் கிருமியின் நஞ்சு வருத்துவதில்லை. ஆனால் உயிருள்ள கிருமி புகுந்தால் அவை எளிதில் மாண்டுபோயின. டோலை ஒத்த ஒரு ஜீன் அவற்றில் பழுதுபட்டிருந்ததே காரணம். காவற்காரன் உறங்கும் வீட்டில் கூச்சல் இல்லை. திருடனுக்குத் தடையும் இல்லை! அதே காவற்காரன் எல்லை மீறிக் கூச்சலிட்டாலும் ஆபத்துதான். ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிகள் பலர் மடிவது, கிருமியால் மட்டுமன்று; தம் உடலே எழுப்பும் அந்த அமளியாலும்தான். ஈயிடம் தொடங்கிய ஆராய்ச்சி, மனிதனுடைய மரணப் படுக்கையருகே வந்து நின்றது. 2011-ல் இவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஹாப்மனின் தந்தை லக்ஸம்பர்க் நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர். பூச்சிகளிடம் தீராத ஆசை கொண்டவர். மகனையும் உடனழைத்துச் சென்று பூச்சி பிடிக்கப் பழக்கினார். நம் வீட்டுக் குழந்தை புத்தகத்தை மூடிவிட்டு எறும்புப் புற்றருகே குந்தியிருந்தால், அதட்டுமுன் சற்று யோசிப்போம். நாமும் அதன் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?