நாய் விழுங்கிய பொருள்



வீட்டைக் காக்கும் நாய் தின்னத்தகாத பொருள் ஒன்றை விழுங்கிவிட்டால் நாம் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

நாய், உணவை மென்று சுவைக்கும் பிராணியன்று. கடித்துக் கிழித்து விழுங்கும் பிராணி. பொருளின் மதிப்பை அது மூக்கால் அளக்கிறது. குழம்பு நனைந்த பிளாஸ்டிக் பை அதன் மூக்குக்குக் குழம்பேயாம்.

2019 அக்டோபரில், சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் குப்பையை அறுவை செய்து அகற்றினார்கள். அவ்வளவையும் சுமந்துகொண்டு அப்பசு எவ்வாறு உயிர் வாழ்ந்தது? பசுவின் வயிறு நான்கு அறைகள் உடையது. முதல் அறை ஒரு கிடங்கு போன்றது. நாய்க்கோ ஓரறை வயிறுதான். அதை அடுத்த சிறுகுடலும் குறுகியது. ஒரு மாங்கொட்டை அவ்வழியை அடைத்துவிடப் போதும். அடைபட்ட இடத்தில் இரத்த ஓட்டம் குன்றும். குடற்சுவர் அழுகித் துளைபடும். எனவே பசுவுக்கு மாதங்கள் தரும் இயற்கை, நாய்க்கு மணிகளையே தருகிறது.

எங்கள் சமயநல்லூரில் என் பழைய மாணவர் ஒருவரின் நாய் மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யலாமா என்று கேட்டு வந்தார். "வேண்டா தம்பி, உடனே மதுரைக்குக் கொண்டு செல்க" என்றேன். உப்பு அளவு மீறினால் வலிப்பு உண்டாகி நாய் இறக்கவும் கூடும். அவர் சென்றார், அறுவை நடந்தது, நாய் பிழைத்தது.

கூரிய எலும்பு, ஊசி, மண்ணெண்ணெய், அமிலம், மின்கலம் ஆகியவற்றை விழுங்கிய நாயை வாந்தி எடுக்கச் செய்தலே ஆகாது. கீழே இறங்கியபோது புண்ணாக்கிய பொருள் மேலே வரும்போதும் புண்ணாக்கும். பொத்தான் போன்ற சிறு மின்கலம் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயை வேகவைத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடல் அதில் சுருக்குப்பை போல் கோத்திருக்கலாம். இழுத்தால் நூல் குடலை அறுக்கும்.

ஓயாத வாந்தி, உணவை மறுத்தல், எச்சில் வடிதல், முதுகை வளைத்து நிற்றல், மலம் கழிக்க முக்குதல் ஆகியவை அடைப்பின் குறிகள். இவை தோன்றும்வரை காத்திராமல், விழுங்கியது தெரிந்தவுடனே மருத்துவரை நாடுக. விழுங்கிய பொருள் எது, எந்நேரம் என்பதைக் குறித்துச் செல்லுங்கள். எஞ்சிய துண்டு இருப்பின் எடுத்துச் செல்லுங்கள். உலோகமும் கல்லும் எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரியும். துணியும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியா. அங்கே உங்கள் சொல்லே மருத்துவருக்குக் கண்ணாகும். மருத்துவர் பார்க்கும்வரை சோறும் பாலும் கொடுக்க வேண்டா.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. சட்டம் தெருவரை வரும். நம் அடுக்களைக் கூடைக்கு மூடி போடுவது நம் கடமையே. நாய்க்குக் கேட்க வாயில்லை. நமக்குக் காண்பதற்குக் கண் உண்டு.