மூத்தோர் சொல்லில் எதைக் கைக்கொள்வோம்?

இடப்பெயர்வின்போது எம்மில் பலர் வீடு வளவையும் நகைநட்டையும் குடும்பப் படங்களையும் விட்டுவிட்டு வந்தோம். அம்மம்மாவும் அப்பாச்சியும் சொல்லித்தந்த பழமொழிகள் மட்டும் எம்முடனேயே வந்தன. நலன்புரி நிலையக் கூடாரங்களில் அவை எமக்கு ஆறுதல் தந்ததும் உண்டு, மனத்தை நோகடித்ததும் உண்டு.

தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்ட வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு முக்கிய இடம் உண்டு. இங்கு பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1840களிலேயே யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1874இல் சென்னையில் வெளிவந்த அவரது விரிவான பதிப்பில் 6,000க்கும் அதிகமான பழமொழிகள் உள்ளன. இத்தனையும் ஒரே கருத்தைச் சொல்பவை அல்ல. ஒன்று முயற்சி செய் என்கிறது. இன்னொன்று விதியே என்று இரு என்கிறது. ஆகவே சகோதரிகளே, பழையது என்பதற்காக மட்டும் ஒரு சொல் அறிவுரையாகிவிடாது. எம்மை எழுந்து நடக்க வைக்கும் சொல் எது, முடக்கி வைக்கும் சொல் எது என்று பிரித்தறிய வேண்டியவர்கள் நாமே.

நற்குணம்

"காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம்" என்பது பனை மண்ணில் பிறந்த சொல். இன்று பச்சையாய் நிற்கும் ஓலையும் ஒருநாள் காய்ந்து விழும். கணவனை இழந்த பெண்ணை மங்கல காரியங்களில் ஒதுக்கி வைப்பவர்களும், முதியவர்களைச் சுமையாக நினைப்பவர்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் துயரைப் பார்த்துச் சிரிக்காத மனமே நற்குணத்தின் முதற்படி. "புருஷனை விழுங்கியவள்" என்ற ஏச்சு எத்தனை தலைமுறை பழையதானாலும் எங்கள் வாயிலிருந்து நீங்க வேண்டியதே.

துன்பம்

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்ற பழமொழியைப் பெண்களுக்கே அதிகம் சொல்கிறார்கள். பிள்ளை வளரும்வரை பொறுப்பதும், பயிர் விளையும்வரை பொறுப்பதும் பொறுமை. வீட்டில் அடி உதையைத் தாங்கிக்கொண்டு வாய் மூடியிருப்பது பொறுமையாகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம்.

"அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்ற சொல்லை நாம் இறுகப் பற்றிக்கொள்ளலாம். 2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பு மக்கள், விமானப்படையிடமிருந்த தமது காணிகளைக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்தார்கள். பெண்கள் கைக்குழந்தைகளோடு இரவு பகலாக, வெயிலிலும் பனியிலும் இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின், மார்ச் முதலாம் திகதி அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. எல்லோருடைய அம்மியும் இன்னும் நகர்ந்துவிடவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் பல ஆண்டுகளாக விடையின்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் "தலைவிதி" என்று சொல்லிவிட்டுப் போக எவருக்கும் உரிமை இல்லை.

நம்பிக்கை

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று கோயிலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் சொல்லக் கேட்கிறோம். வற்றாப்பளையிலும் மடுவிலும் கண்ணீரோடு நின்றுவிட்டு வீடு திரும்பும் பெண்ணின் கையில் ஒரு புதுப் பலம் இருக்கும். அந்தப் பலத்தோடு அவள் கோழிக்கூட்டைத் திருத்தினால், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பினால், அந்த நம்பிக்கை பயன் தந்துவிட்டது. "தன் கையே தனக்குதவி" என்பது இதற்கு முரணான சொல் அன்று.

நூல்

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?" 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை ஆரம்பமானபோது, பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் பெரிதும் தயங்கினார்கள். அப்பாடசாலை 200 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அக்கேள்விக்கு அதுவே போதிய பதில்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பதையும் சிலர் படிப்புக்கு எதிராகச் சொல்வதுண்டு. படித்ததைச் செயலில் காட்டு என்பதே அதன் பொருள். சேமிப்புப் புத்தகத்தையும் கடன் பத்திரத்தையும் வாசித்து விளங்கிக் கையொப்பமிடும் பெண்ணுக்கு ஏட்டுச் சுரைக்காய் கறிக்கும் உதவும்.

நூலின் அருமையை எம்மைப் போல் அறிந்தவர்கள் குறைவு. 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டில் தொடங்கிய சிறு நூலகமே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. எரிந்த சுவடிகள் திரும்பி வரவில்லை. ஆயினும் கட்டடம் மீண்டும் எழுந்தது; இன்றும் பிள்ளைகள் அங்கிருந்து வாசிக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் ஊர் முதியவர்கள் சொல்லும் பழமொழிகளைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்து, "இது எமக்கு உதவுமா?" என்று அவர்களோடு பேசுங்கள். உதவாததன் பக்கத்தில் காரணத்தையும் எழுதி வையுங்கள். இழந்த நூல்களோடு ஒப்பிட்டால் அது சிறிய கொப்பிதான். ஆனால் அதில் இருப்பவை நீங்களே எடைபோட்டு எடுத்த சொற்கள்.