குயில் கடிகாரம் பெற்ற கீல்

"ஏனுங்ணா, கீலு தானுங்களே? அதுக்குப் போயி இவ்வளவுங்களா?"

சமையலறை அலமாரிக்கு விலைப்பட்டியல் கொடுக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வி வந்துவிடும். கிரானைட் விலையைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. கதவைத் திறந்தால் மட்டும் தெரிகிற, விரல் நீளத்து எஃகுத் துண்டில்தான் கணக்கு இடிக்கும்.

நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை இல்லை. கோவை பீளமேட்டில் ஒரு டூல் ரூமில் பதினாறு வருஷம், தகட்டை வெட்டி வளைக்கும் அச்சான டை செய்துவிட்டு மர வேலைக்கு வந்தவன். அதனால் ஒரு கீலைக் கையில் எடுத்தால், அதை அடித்த பிரஸ்ஸும் டையும்தான் எனக்கு முதலில் கண்ணில் வரும்.

தகடு வளைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. 90 டிகிரிக்கு வளைத்து அழுத்தத்தை எடுத்தால் அது 90-ல் நிற்காது, கொஞ்சம் பின்வாங்கும். ஸ்பிரிங் பேக் என்போம். அதை உத்தேசித்து இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக அமுக்க வேண்டும். எவ்வளவு கூடுதல்? தகட்டின் தடிமனுக்கும் கடினத்துக்கும் ஏற்ப மாறும். நேற்றைய தகட்டுச் சுருளுக்குச் சரியாக இருந்த டை, இன்றைய சுருளுக்குப் பிசகும். ஒரு துண்டை ராவி ராவிச் சரிசெய்துவிடலாம். ஆயிரம் துண்டும் ஒரே அச்சாக விழ வேண்டும் என்பதில்தான் டை போடுகிறவனின் தூக்கம் போகும்.

இதே சங்கடத்தோடு ஜெர்மனியில் ஒருவர் மல்லுக்கட்டியிருக்கிறார். நாட்டின் தென்மேற்கில் சுவார்ட்ஸ்வால்ட் என்ற மலைக்காடு இருக்கிறது. 'கருங்காடு' என்று பொருள். பனிக்காலத்தில் வயல் வேலை கிடையாது. அங்கிருந்த குடியானவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து மரத்தில் கடிகாரம் செய்யப் பழகினார்கள். மணிக்கு மணி கதவைத் திறந்து குயில் எட்டிப் பார்த்துக் கூவும் கடிகாரம் அந்த ஊர்ச் சரக்குதான்.

கடிகாரத்துக்குள் நங்கூர வடிவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. பெண்டுலம் ஆடும்போது அதுவும் கூடவே ஆடும். அதன் இரு நுனிகளும் மாறி மாறிப் பல்சக்கரத்தைப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக விடும். நாம் கேட்கிற டிக் டிக் அந்தப் பிடியின் சத்தம். மலிவான கடிகாரங்களில் இந்த நங்கூரம் ஒரு எஃகுப் பட்டையை வளைத்துச் செய்தது. வளைவு பிசகினால் சக்கரம் ஒன்று சிக்கிக்கொள்ளும், அல்லது பிடியை விட்டு ஓடிவிடும். 1888-இல் சோனாக் என்ற ஊரில் கார்ல் ஹெட்டிச் என்பவர் இந்த நங்கூரத்தை வளைக்க ஓர் இயந்திரம் செய்தார். கை பார்த்துப் பார்த்து வளைத்ததை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்.

பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? இன்று கோவை ஹார்டுவேர் கடைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் ஹெட்டிச் கீல் அந்தக் குடும்பத்தினுடையதுதான்.

கடிகாரத்திலிருந்து கீலுக்கு எப்படி வந்தார்கள் என்பது ஒரு டை மேக்கருக்குப் புதிரே இல்லை. 1928-இல் கார்லின் மகன் ஆகஸ்ட், பியானோ கீலை வரிசையாக உற்பத்தி செய்யும் வழியை உருவாக்கினார். பியானோ மூடியின் நீளம் முழுக்க ஓடும் கீல் அது. பட்டையின் ஓரத்தைச் சுருட்டிக் குழாயாக்கி நடுவில் கம்பி நுழைக்க வேண்டும். சுருட்டல் இறுகினால் மூடி திரும்பாது, தளர்ந்தால் ஆடும். அப்பாவுக்கு நங்கூரம், மகனுக்குப் பியானோ கீல். இருவர் கையிலும் இருந்தது எஃகுப் பட்டைதான். 1930-இல் மேசை நாற்காலித் தொழில் செழித்த வெஸ்ட்பாலியா பக்கம், ஹெர்ஃபோர்ட் ஊருக்குத் தொழிலைக் கொண்டு போனார்கள். வாங்குகிறவன் வாசலுக்கே போய்விட்டார்கள்.

கீல் செய்கிற எல்லாருக்கும் கடிகாரப் பூர்வீகம் இருந்துவிடவில்லை. ஆஸ்திரியாவின் புளும் நிறுவனம் 1952-இல் தொடங்கியபோது செய்தது, குதிரை வழுக்காமல் இருக்க லாடத்தில் பொருத்தும் முளை! குதிரைக் காலிலிருந்து சமையலறைக் கதவுக்கு வந்தவர்கள் அவர்கள்.

இப்போது உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஆசாரிகள் 'ஆட்டோ ஹிஞ்ச்' என்கிறார்களே, அந்தக் கீல் இருக்கும். கதவில் 35 மி.மீ. விட்டத்தில் வட்டக் குழி போட்டு ஒரு கிண்ணத்தைப் பதித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கை நீண்டு பக்கப் பலகையைப் பிடித்திருக்கும். பழைய வாசற்கதவுக் கீல் ஒரே கம்பியைச் சுற்றித் திரும்பும். இதில் பல இணைப்புகள் சேர்ந்து மடங்குவதால், கதவு முதலில் சற்று முன்னே வந்து பிறகு திரும்பும். பக்கத்துக் கதவை இடிக்காமல் திறப்பது அதனால்தான். மெதுவாக மூடுகிற வகையில் சிறு உருளைக்குள் பிஸ்டனும் எண்ணெயும் உண்டு. எண்ணெய் ஒதுங்கிப் போக மயிரிழை இடைவெளிதான் விட்டிருப்பார்கள். அது சற்றுக் கூடினாலும் கதவு 'டப்' என்று அறையும்.

இரண்டு கதவுகளுக்கு நடுவே நாங்கள் விடும் சந்து 3 மி.மீ. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் செலவைக் குறைக்கப் பெயர் தெரியாத கீல் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். நாள் முழுக்கத் திருகியும் சந்து மேலே அகன்றும் கீழே குறுகியும் நின்றது. பொறுக்க மாட்டாமல் பழைய வெர்னியரை எடுத்து அளந்தேன். ஒரே பெட்டியில் இருந்த கீல்களின் கையில் அரை மி.மீ. வரை வித்தியாசம். மேல் கீலும் கீழ்க் கீலும் ஒத்துப்போகாவிட்டால் கதவு பாவம் என்ன செய்யும்?

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் 16 மி.மீ. பலகையில் 13 மி.மீ. ஆழத்துக்குக் கிண்ணக் குழி போட்டேன். குழியை அளந்த நான், துளை போடும் பிட்டின் நடு முனை 4 மி.மீ. கூடுதலாக நீண்டிருந்ததை அளக்கவில்லை. வெள்ளை லேமினேட்டில் முன்பக்கம் ஒரு ஊசித் துளை. கதவுக்குக் காசு என் கையிலிருந்து போனது.

கீலின் ஆயுளைச் சோதிக்கும் ஐரோப்பியத் தரத்தில் மேல்நிலை, 80,000 தடவை திறந்து மூடுவது. நாளைக்கு இருபது தடவை என்றால் சுமார் பதினொரு வருஷம். விலை கேட்கிற அக்காக்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர், "சரிங்ணா, கீழ் அலமாரிக்கு மட்டும் நல்லதாப் போட்டுருங்க" என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் கதவு கோணலாகத் தெரிந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டாம். கீலின் கையில் கிண்ணத்தை ஒட்டியுள்ள திருகை, ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று மட்டும் திருப்பிவிட்டுச் சந்தைப் பாருங்கள். நல்ல கீலாக இருந்தால் கதவு நகர்ந்து கொடுக்கும்.