பழைய கணிப்பொறிக்குப் புதிய நினைவகம்

திருவனந்தபுரத்து வலியசாலையைக் கல்வெட்டுகள் குறிக்கும் காந்தளூர்ச் சாலையோடு இணைத்துக் கூறுவது வழக்கம். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலை நிறுவியபோது, காந்தளூரின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டான். நெஞ்சிற் பதித்தலே அக்காலக் கல்வியின் அடிப்படை. பதிந்தது பிழையறப் பதிந்ததா என்று அறிய, வேதம் ஓதுவோர் ஒரு வழி கண்டனர். சொற்களை நேர் வரிசையில் ஓதுவதோடு நில்லாமல், ஜடை, கனம் என்னும் முறைகளால் முன்னும் பின்னுமாகத் திருப்பியும் ஓதினர். ஒரு வரிசையில் ஒளிந்திருக்கும் பிழை மற்றொரு வரிசையில் வெளிப்பட்டுவிடும்.

இன்று கணிப்பொறியின் நினைவகத்தைச் சோதிப்பதும் ஏறக்குறைய இம்முறையிலேதான். பத்தாண்டு உழைத்த மேசைக் கணிப்பொறியைக் கழித்துவிட மனம் வராதோர், சாலைக் கடைத்தெருவில் ‘ராம்’ என்று கேட்டு, பெரிய நினைவகப் பட்டைகளை வாங்கிப் பொருத்துகின்றனர். பொறி இயங்கியதும், வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழுதுபட்ட நினைவகம் பொறியை நிறுத்தாமலும் இருக்கக்கூடும். கணக்கேட்டில் ஓர் இலக்கத்தை மாற்றி, அம்மாற்றத்தையே வட்டிலும் எழுதிவிடும். பிழையான படியே காப்புப் படியாகவும் சேமிக்கப்பட்டபின் உண்மையை எங்கே தேடுவது? ஆகவே, பட்டையைத் தொடுமுன்னரே ஆவணங்களுக்குப் படி எடுத்துவைத்தல் வேண்டும்.

வாங்குமுன் பொறியின் இயல்பையும் அறிய வேண்டும். சான்றாக, 2012-இல் வெளிவந்த ஹெச்பி இசட்420 என்னும் பணிநிலையத்தில் 8 பொருத்துவாய்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 8 ஜிபி வீதம் 64 ஜிபி வரை ஏற்கும் என்று அதன் குறிப்பேடு கூறுகிறது. அது வேண்டுவது ‘அன்பஃபர்டு’ வகை. பெரிய சேவைக் கணிப்பொறிகளிலிருந்து கழித்த ‘ரெஜிஸ்டர்டு’ பட்டைகள் மலிவாகக் கிடைக்கும். தோற்றத்தில் வேறுபாடு மிகச் சிறிது, வாயிலும் பொருந்திவிடும். பொருந்துவதெல்லாம் இயங்கும் என்பதில்லை.

இனிச் சோதனை. நினைவகத்தின் ஒவ்வொரு துளியும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் நிற்கும் மின்னூட்டமே. அது கசியும் இயல்பினது. ஆதலால் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கசிவு மிகுந்த அறை ஒன்று இருப்பின், எழுதியவுடன் படித்தால் சரியாகவே தோன்றும். சற்றுப் பொறுத்துப் படித்தாலே குறை தெரியும். பெரிய பட்டைகளில் இன்னொரு குறையும் நேரலாம். அக்கிரகாரத்தில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் அஞ்சற்காரர் என்ன செய்வார்? இருவர் கடிதமும் ஒரு வீட்டிலேயே சேரும். முகவரிக் கம்பி ஒன்று பழுதானால் நினைவகத்திலும் இதுவே நிகழும்.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்னும் இலவச மென்பொருள் இவ்விரண்டையும் தேடும். ஒவ்வோர் அறையிலும் அதன் முகவரியையே எழுதிப் படிக்கும். பிறகு பல வடிவங்களை எழுதி, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகச் சரிபார்க்கும். பென் டிரைவிலிருந்து இதனை இயக்கலாம். பெரிய நினைவகமாயின் ஒரு சுற்றுக்கே மணிக்கணக்காகும்; இரவு முழுவதும் ஓடவிடுதல் நன்று. இடவப்பாதி மழைக்காலத்தில் மின்தடை இடையிற் கெடுக்காதிருக்க, யுபிஎஸ் துணை வேண்டும்.

முதலில் ஒரு பட்டையை மட்டும் பொருத்திச் சோதிக்க வேண்டும். பிழை காட்டினால், நன்கு இயங்கும் என்று தெரிந்த வேறொரு பட்டையை அதே வாயிலும், ஐயத்துக்குரியதை மற்றொரு வாயிலும் வைத்துப் பார்த்தால், குற்றம் பட்டையினதா வாயினதா என்பது விளங்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் தொடுமுனைகள் மங்குவதும் உண்டு. ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தாலே சில பிழைகள் மறைந்துவிடும். பின்னர் எல்லாப் பட்டைகளையும் ஒருங்கே பொருத்தி மறுபடியும் ஓட்ட வேண்டும். தனித்தனியே தேறியவை கூட்டாகத் தவறுதல் உண்டு. அவற்றைத் தாங்கும் கட்டுப்பாட்டுப் பகுதியின் சுமை அப்போது மிகுகிறது. வேகத்தைக் குறைத்தால் சில வேளை நேராகிவிடும்.

எத்தனை பிழை வரை பொறுக்கலாம் என்று சிலர் வினவுகின்றனர். ஒன்றும் பொறுக்கலாகாது என்பதே நம் விடை. ஒரே ஒரு பிழை தோன்றினாலும், பொருத்தங்களையும் வேகத்தையும் மாற்றிப் பார்த்தபின் அது நீங்காவிடில், அப்பட்டையைக் கடைக்காரரிடமே திருப்பித் தந்துவிடுவது நலம்.