காலில் அடிபட்ட பொதி குதிரை: மீண்டும் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி?

சாலை எட்டாத மலைத் தோட்டங்களில் இன்றும் குதிரைக்கு வேலை இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுமலையிலும் கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியிலும் மலைவாழை, மிளகு, காபி முதலியவற்றைத் தோட்டத்திலிருந்து சுமந்து வருபவை மட்டக் குதிரைகள்தாம். ஆனால் நாட்டில் குதிரைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருகிறது. 2012-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சமாக இருந்தது, 2019-ல் சுமார் 3.4 லட்சமாகிவிட்டது. இந்த நிலையில், காலில் அடிபட்ட குதிரையைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்குவது ஏழைச் சுமைக்காரருக்கு எளிதான காரியம் அல்ல. இருப்பதைக் குணப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் சரியாகவே நடக்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் குதிரை நொண்டுவதை நிறுத்தியதும் மூட்டையை ஏற்றிவிடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது.

எங்கே அடி என்று பார்க்க வேண்டும்

நொண்டுகிற குதிரையில் முதலில் பார்க்க வேண்டியது குளம்பு. கல் சிக்கியிருக்கலாம், ஆணி ஏறியிருக்கலாம், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். இவற்றை உடனே கவனித்தால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். எலும்பு முறிவு என்று சந்தேகம் இருந்தால் குதிரையை ஓர் அடிகூட நடத்தாமல் மருத்துவரை அங்கேயே அழைத்துவர வேண்டும். தோல் கிழிந்த காயம் எவ்வளவு சிறியதானாலும் வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸுக்கு ஊசி போடுவது அவசியம். கால்நடைகளில் இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான்.

சுமை குதிரைகளை நெடுங்காலம் முடக்கிப் போடுவது தசைநார்ச் சேதம். முன்னங்கால் முட்டிக்குக் கீழே, பின்புறமாக, விரல் பருமனில் கயிறு போல் இறங்குகிறதே, அதுதான் தசைநார். அந்த இடத்தில் சதை கிடையாது. தோல், நார், எலும்பு மட்டுமே. குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பாரத்துடன் சரிவில் இறங்கும்போது இது இன்னும் கூடும். கால் சறுக்கினால் நாரின் புரிகள் அறுகின்றன. அந்த இடம் வீங்கிச் சூடாக இருக்கும். அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொள்ளும்.

தசைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே ஆறுவதும் மெதுவாகத்தான். அறுந்த இடத்தில் சில வாரங்களில் புது நார் உண்டாகிறது. ஆனால் அது திரிக்காத தேங்காய் நாரைப் போல் தாறுமாறாகக் கிடக்கும். அது திரித்த கயிறு போல் ஒரே வாக்கில் அமைந்து வலுப்பெறப் பல மாதங்கள் செல்லும். வலியோ முதல் மாதத்திலேயே போய்விடுகிறது. நொண்டல் நின்ற நாளில் கால் பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே நார் பலவீனமாகவே இருக்கும்.

முதல் இரண்டு வாரம்

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் தினம் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், காலில் குளிர்ந்த நீரை விட வேண்டும். இந்தக் கட்டத்தில் வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் கூடாது. கட்டுப் போடுவதானால் பஞ்சைத் தடிமனாகச் சுற்றி, அதன்மேல் அகலமான துணியைச் சீராகச் சுற்ற வேண்டும். குறுகிய துணியையோ கயிற்றையோ இறுக்கிக் கட்டினால் அதுவே நாரைச் சேதப்படுத்தும். நல்ல காலுக்கும் கட்டு வேண்டும். பாரம் முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. நிற்கும் இடத்தில் வைக்கோலைத் தாராளமாகப் பரப்ப வேண்டும். முன்னங்கால்களைத் தளைக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.

வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். வலியை மறைத்து வேலை வாங்குவது சேதத்தை இரட்டிப்பாக்கும். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக்கை வாங்கிப் போடுவதும் தவறு. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006-ல் தடை செய்யப்பட்டது. இம்மருந்து செலுத்திய கால்நடைகளின் சடலத்தைத் தின்று கழுகுகள் மாண்டதே காரணம்.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் காலில் சூடு போடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. மேல்நாட்டிலும் இருந்ததுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, சூடு போடுவதால் தசைநார் விரைவாகவோ நன்றாகவோ ஆறுவதில்லை என்று 1983-ல் வெளியிட்டனர். சூடு போட்ட குதிரைகள் குணமானதற்கு, புண் ஆறும் வரை கிடைத்த கட்டாய ஓய்வே காரணமாக இருந்திருக்கலாம். சூடில்லாமலே அந்த ஓய்வைக் கொடுத்துவிடலாம்.

தீனியைக் குறைக்காவிட்டால்

வேலை நின்ற அன்றே கொள்ளையும் பாதிக்கு மேல் குறைத்துவிட வேண்டும். புல்லும் வைக்கோலும் தண்ணீரும் வழக்கம்போல் இருக்கட்டும். இரக்கப்பட்டு முழுத் தீனி போட்டுக் கட்டிவைத்த குதிரையைத் திடீரென வேலைக்கு ஓட்டினால், பின்புறச் சதைகள் விறைத்து, வியர்த்துக் கொட்டி, சிறுநீர் காபி நிறத்தில் போகும். அப்படிக் கண்டால் நின்ற இடத்திலேயே குதிரையை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். நடத்தி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

நடை தொடங்குவது

சூடு தணிந்து, மருத்துவர் சம்மதித்ததும், ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில், கையில் பிடித்து நடத்தத் தொடங்கலாம். காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் போதும். ஆறுகிற நார் ஒரே வாக்கில் அமைவதற்கு இந்த அளவான நடை தேவை. சமமான கெட்டித் தரையாக இருக்க வேண்டும். மணலும் சேறும் நாரை இழுக்கும். வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் கூட்டினால் மூன்றாம் மாத முடிவில் ஒரு வேளைக்கு 50 நிமிடம் அளவுக்கு வந்துவிடும். அவிழ்த்து மேயவிடுவது இப்போது ஆபத்து. பல நாள் அடைபட்ட குதிரை துள்ளி ஓடும். ஒரே பாய்ச்சலில் புது நார் அறுந்துவிடும்.

தினமும் காலையில் நடத்துவதற்கு முன் இரண்டு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவி ஒப்பிட வேண்டும். நேற்று இல்லாத சூடோ வீக்கமோ இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்ப வேண்டும். நடையில் தலையையும் கவனிக்கலாம். நோகும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும்.

நான்காம் மாதத்தில், முடிந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின், வெறும் பொதிச் சேணத்தைக் கட்டி இலேசான ஏற்றத்தில் நடத்தலாம். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் வசதி உண்டு. ஆறாம் மாதத்திலிருந்து கால் பங்குச் சுமை ஏற்றலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: முதலில் ஏற்றத்தில் மட்டுமே சுமை. தோட்டத்துக்கு உரமும் அரிசியும் ஏற்றிச் சென்று, இறங்கும்போது வெறுமனே வரவேண்டும். சுமையோடு இறங்குவது கடைசியில்தான். முழுச் சுமைக்கு ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகலாம். இலேசான சுளுக்கானால் மருத்துவர் இதைச் சுருக்கிச் சொல்வார். இந்தக் காலம் முழுவதும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். முன்புறம் நீண்டு குதி தாழ்ந்த குளம்பு தசைநாரை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கும்.

முழுச் சுமை என்றாலும் அளவு உண்டு. சுமை விலங்குகள் பற்றிய மத்திய அரசின் 1965-ம் ஆண்டு விதிகள்படி மட்டக் குதிரைக்கு 70 கிலோவே உச்ச வரம்பு. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவெளியின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. இரண்டு பக்க மூட்டையும் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கத்துக் கால்தான் அடிவாங்கும்.

எல்லாக் குதிரையும் பழைய வலுவுக்குத் திரும்புவதில்லை. சில குதிரைகள் பாதிச் சுமைக்கே ஆகும். பெட்டையானால் குட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். நார் ஆறிய இடத்தில் ஒரு தடிப்பு ஆயுளுக்கும் நிற்கும். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தை போன்ற இடங்களில் குதிரை வாங்குவோர் முட்டிக்குக் கீழே கையை வைத்து உருவிப் பார்ப்பது இதற்காகத்தான். விற்பவர் அடிபட்ட மாதத்தையும் ஓய்வு கொடுத்த காலத்தையும் சொல்லிவிட்டால், வாங்குபவர் அதற்கேற்ற சுமையை ஏற்றுவார்.